பாசிப்பயறு ஊறிய தண்ணீரின் நிறம்

நொச்சிக்காட்டுவலசில் துளசிமணி கட்டிய புது வீட்டின் குளியலறைச் சுவருக்கு அடித்த சந்தனக் கலர், ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போய், நாலு வீடு தள்ளியிருந்த பாவாயியின் வெள்ளைப் பசுவின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட அன்றைக்கு, ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பால் கறக்கப் போன பாவாயிதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, கன்றுக்குட்டி மடியில் முட்டுவதையும் பசு அதன் முதுகை நக்கிக் கொடுப்பதையும் கொஞ்ச நேரம் கவனித்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லையென்று தெரிந்துகொண்டு, வழக்கம்போலக் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, போகிற போக்கில் சாணியையும் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் துளசிமணி வீட்டுக்கு வந்தாள்.

"அம்மிணி, உங்கூட்டுக் கலரு எங்கூட்டு மாட்டு மேல இருக்குது. தேங்கா நாரு போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன், போக மாட்டீங்குது. வேணும்னா வந்து பாத்துக்க."

துளசிமணி மாட்டைப் பார்க்கப் போகவில்லை, சுவரைப் பார்க்கப் போனாள். பட்டி பார்த்து பிரைமர் அடித்த வெள்ளை அப்படியே இருந்தது. அதன்மேல் பெயிண்டர் அங்கமுத்து இரண்டு கோட்டிங் அடித்திருந்த சந்தனம் மட்டும், ஒரு சொட்டு, ஒரு திட்டு, மூலையில் ஒரு பிசிறுகூட விட்டுவைக்காமல் போய்விட்டிருந்தது. தரை முழுக்கவும், சுவரில் நெஞ்சுயரம் வரைக்கும் பதித்திருந்த கல், கறுப்பும் பச்சையுமாக, நடுநடுவே துருவோடின கோடுகளுடன், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற துளசிமணிக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கல்லின் கதையைச் சொல்லியாக வேண்டும். அது கடையில் வாங்கிய கல் அல்ல. துளசிமணியின் அண்ணன் கதிர்வேலு தன் காட்டில் கிணறு வெட்டினான். வெட்டினான், வெட்டினான், வெடி வைத்து வெட்டினான், கம்ப்ரசர் வைத்து வெட்டினான், எட்டிப் பார்த்தால் தலை கிறுகிறுக்கிற ஆழத்துக்குப் போன பிறகும் தண்ணீர் என்று சொல்ல ஒரு கசிவுகூட வரவில்லை, கல்தான் வந்தது. மேலே ஏற்றிப் போட்ட கல் கிணற்று மேட்டில் குன்றாகக் குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதிர்வேலு முகத்தைத் திருப்பிக்கொள்வான். மழை பெய்த ஒரு நாள் துளசிமணி அங்கே போனவள், ஈரத்தில் கல்லுக்குள்ளிருந்து பச்சை எழும்புவதைப் பார்த்து, "அண்ணா, இதெ எனக்குக் குடு, குளிக்கற ரூமுக்குப் போட்டுக்கறேன்" என்று கேட்டாள். அண்ணன் தலையை ஆட்டினான். அவன் பெண்டாட்டி சரசாள், துளசிமணிக்கு நங்கை, அவள்தான் சிரித்தாள்.

"தண்ணி வராத கல்லெக் கொண்டுபோயி தண்ணி வாக்கற எடத்துல போடறவ இந்த ஒலகத்துல நீ ஒருத்திதான் அம்மிணி."

கல்லை அறுத்து, பாலீஷ் போட்டு, பதித்து முடித்த அன்று மேலெல்லாம் கல்தூளோடு நின்ற துளசிமணி, அங்கே யாரும் இல்லாததால், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாலு சொம்பு தண்ணீர் வார்த்துக்கொண்டாள். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அங்கே உடம்புக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் வார்த்தாள், பிடரியில் கல்தூள் அந்த அரிப்பு அரித்தது. இரண்டாவது சொம்பு வார்த்துவிட்டுச் சோப்புப் போடும்போது இடது மார்பில் அவள் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. அழுத்தினால் நழுவியது. அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் வந்தது, அதே பக்கம். முந்தானைக்குள் மூடி வைத்திருந்து மூடி வைத்திருந்து, மூட முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

துளசிமணி அதை யாரிடமும் சொல்லவில்லை. பால் காய்ச்சிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். வீட்டில் மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது, குளியலறைச் சுவருக்குக் கலர் அடிப்பது ஒன்றுதான் பாக்கி. அதை அடித்து முடித்தால் நாள் குறிப்பார்கள், நாள் குறித்தால் பால் பொங்கும், பால் பொங்கினால் அவள் போய் ஆஸ்பத்திரி மேசைமேல் படுக்க வேண்டும். அதனால்தான் சந்தனக் கலர் பசுவுக்குப் போன அன்றைக்கு அவளுக்கு அப்படியொரு நிம்மதி வந்தது.

சந்தனம் அவள் கணவன் வெள்ளியங்கிரி சொன்ன கலர். கொப்பரைக் களம் வைத்திருக்கிற மனிதன், எந்தச் சுவரைக் காட்டினாலும் சந்தனம் என்பான். அது போனதும் ஓசூரில் வேலை பார்க்கிற மகன் கோகுல் வீடியோ காலில் வந்து, கல்லையும் சுவரையும் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி, இப்போதெல்லாம் சாம்பல்தான் என்றான். அங்கமுத்து முணுமுணுத்துக்கொண்டே சாம்பல் அடித்தான். மறுநாள் காலையில் சுவர் வெள்ளையாக இருந்தது. சாம்பலோ, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் செக்கர் சென்னியப்பன், தன் கல்யாணத்துக்கு முதல் நாளிலிருந்து விடாமல் மை பூசிவந்த மீசையிலும் தலையிலும் போய் ஏறியிருந்தது. அவர் ஒரு பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு மை பூசிப் பார்த்தார், மை வழுக்கிக்கொண்டு ஓடியது. சாயங்காலம் அவர் மனைவி காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, "இப்பத்தான் உங்களெப் பாத்தா எனக்கு மூத்தவராட்டத் தெரியுது" என்றாளாம். அதோடு அவர் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்து நங்கை வந்தாள். கல் தன் வீட்டுக் கிணற்றுக் கல் என்பதால் கலர் சொல்லும் உரிமையும் தனக்குத்தான் என்று ஆகாச நீலத்தை அடிக்கவைத்தாள். நீலம் ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. பெயிண்ட் அடித்துத் தாருங்கள் என்று எத்தனையோ தலைவர்களிடம் கேட்டும் நடக்காதது ஒரே ராத்திரியில் நடந்துவிட்டதால், ஊரே தொட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நேராக வந்து சரசாளுக்கு நன்றி சொன்னது. அவளுக்குக் கோபம் பாதியும் பெருமை பாதியுமாக இருந்தது.

இதற்குள் ஊர் பழகிக்கொண்டது. விடிந்ததும் டீ குடித்துவிட்டு நிறம் தேடப் போவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆம்பிளைகள் கிழக்கே, பொம்பிளைகள் மேற்கே. நிறம் வந்து விழட்டும் என்று வெளுத்துப்போன குடை, துருப்பிடித்த சைக்கிள், சாயம் போன கல்யாணப் பட்டு எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்தார்கள், ஒன்றின்மேலும் அது விழவில்லை. யாராவது ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வந்தால், புது வீட்டின் பூஜை ரூமையும் நடுவீட்டையும் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகக் குளியலறைக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கல்லுக்கு எந்தக் கலர் ஒத்துப்போகும் என்பதில் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. சந்தனம் அடித்தபோது கல் கழுவாத பாத்திரமாட்டம் இருந்தது என்றார்கள். சாம்பல் அடித்தபோது கல் செத்துப்போய்விட்டது, நீலத்துக்கு அந்தத் துருக்கோடுகள் புண்ணாட்டம் தெரிந்தன, போனது நல்லதுதான் என்றார்கள். கல்லுக்குள் இருக்கிற பச்சையை வெளியே கூப்பிடுகிற கலர் வேண்டும், அதட்டுகிற கலர் வேண்டாம் என்று சென்னியப்பன் தன் புதுச் சாம்பல் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னபோது, அதில் அர்த்தம் இருப்பதாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

யாரும் துளசிமணியைக் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் அவள் "உங்க இஷ்டமுங்க" என்றே சொன்னாள். ஒவ்வொரு கலர் போகும்போதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, ஒவ்வொரு தடவை குளிக்கும்போதும் விரல் தானாக அங்கே போனது, அது அங்கேயேதான் இருந்தது. சோறு தொண்டைக்குள் இறங்குவது நின்றுபோனது. இளைத்துவிட்டாயே என்றவர்களிடம் வீடு கட்டுகிற அலைச்சல் என்றாள்.

கடைசியில் அங்கமுத்து பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, மாமா சொல்லி அடிச்சாச்சு, தம்பி சொல்லி அடிச்சாச்சு, உங்க நங்கை சொல்லியும் அடிச்சாச்சு. ஒருக்கா நீங்க சொல்லுங்க. அதுவும் ஓடிப்போச்சுன்னா நான் பந்தல் வேலைக்குப் போயிக்கறேன்."

துளசிமணி அப்போது பக்கத்திலேயே இருந்த பழைய வீட்டு அடுப்படியிலிருந்து, பாசிப்பயறு ஊறப்போட்ட பாத்திரத்தோடு வந்திருந்தாள். கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். மேலே தெளிந்து நின்ற தண்ணீர், பச்சை என்றால் பச்சை இல்லை, மஞ்சள் என்றால் மஞ்சளும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு வெளிச்சம் மாதிரி இருந்தது. "இந்தத் தண்ணிக் கலரு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது, கூடவே பயமும் வந்தது.

அங்கமுத்து பாத்திரத்தைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய்க் கலக்கிக் கொண்டுவந்தான். அடித்து முடித்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் கிட்டே போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். கல்லுக்குள் அமுங்கிக் கிடந்த பச்சை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல மேலே வந்துவிட்டிருந்தது, துருக்கோடுகள் பொன்னாகத் தெரிந்தன. வெள்ளியங்கிரி உடனே அய்யரைப் பார்த்து நாள் குறித்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் சுவர் வெள்ளையாக இருந்தது.

ஊர் டீ குடித்துவிட்டுக் கிளம்பியது. கிழக்கே தேடினார்கள், மேற்கே தேடினார்கள், தென்னந்தோப்புக்குள்ளும் கதிர்வேலுவின் வறண்ட கிணற்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எங்கேயும் இல்லை. அப்படி நடந்ததே கிடையாது, போன நிறம் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று மாலை குளிக்கப் போன துளசிமணி ரவிக்கையைக் கழற்றியதும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டாள்: இடது மார்பில், கட்டிக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, ஊறிய பாசிப்பயற்றுத் தண்ணீரின் நிறம். சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள், பாவாயியைப் போலத் தேங்காய் நாரும் போட்டாள். தோல்தான் சிவந்தது.

நாள் போகப் போக ஊர் கெட்டுப்போனது. மாட்டின்மேல் ஏறினால் தாங்கிக்கொள்ளலாம், தொட்டிமேல் ஏறினால் கொண்டாடலாம், காணாமல் போன ஒன்றை என்ன செய்வது? யாரோ எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. பாவாயிதான் பீரோவுக்குள் வைத்திருக்கிறாள், ஏற்கெனவே ஒன்று வாங்கி ருசி கண்டவள் என்றாள் ஒருத்தி. பாவாயி அவளுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினாள். தயிருக்கு உறை கேட்டால்கூட இல்லை என்று சொல்கிற அளவுக்கு வந்த பிறகு, சென்னியப்பன் ஊரைக் கூட்டி, வெள்ளிக்கிழமை காலையில் மாகாளியம்மன் கோயில் வாசலில் வீட்டுக்கு ஒரு பொம்பிளை, ஒரு ஆம்பிளை, கற்பூரத்தை அணைத்து, கலர் எங்கிட்ட இல்லை என்று சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் துளசிமணி, முதல் நாள் ராத்திரி ஊறப்போட்ட பாசிப்பயற்றை வடித்துத் துணியில் முடிந்தாள். வடித்த தண்ணீரைக் கொட்டப் போனவள் கொட்ட முடியாமல் நின்றாள். மாகாளியின் முன்னால் கற்பூரத்தை அணைத்துப் பொய் சொல்ல அவளால் முடியாது. உண்மையைச் சொல்லவும் முடியாது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, கோயிலுக்குப் போவதற்காகப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்ற நங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புது வீட்டுக் குளியலறையில் விட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள்.

"அடிப்பாவி, இங்கயா இருக்குது! ஊரே கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுத் தேடுது…" என்று ஆரம்பித்த சரசாள், துளசிமணி அவள் கையைப் பிடித்து நிறத்தின்மேல் வைத்து அழுத்தியதும் நிறுத்திவிட்டாள். மாமியாருக்கு, துளசிமணியின் அம்மாவுக்கு, கடைசி வரைக்கும் துணி மாற்றியவள் அவள். அந்த விரல்களுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

"எத்தன நாளாச்சு?"

"கல்லுப் போட்ட அன்னிக்குங்க நங்கை."

"அன்னிக்கிருந்தா? உங்கம்மாளும் இப்பிடித்தான் முந்தானைக்குள்ளாற மூடி வெச்சு மூடி வெச்சு… மூடி வெச்சா கரைஞ்சு போகுமா அம்மிணி?"

"பால் காய்ச்சறதுக்கு முந்தி இங்க தண்ணி வாத்துட்டனுங்க. அதுக்குத்தான் சாமி…"

"சாமிக்கு வேற சோலியில்ல பாரு. நீ எத்தன சொம்பு வாத்தேன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குது." சரசாள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், துளசிமணியின் முகத்தைத்தான் முதலில், அப்புறம் தன்னுடையதை.

"எனக்குப் பயமா இருக்குதுங்க நங்கை."

"எனக்குந்தான் நொம்பப் பயமா இருக்குது. ரெண்டு பேரும் ஒட்டுக்காப் பயந்துக்கிட்டே போலாம். ஊக்க மாட்டு."

வெள்ளியங்கிரியிடம் சரசாள்தான் சொன்னாள். அவன் உள்ளே போய் ஒரு சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டு வந்து, கொப்பரை ஏற்றுகிற வேனின் முன்சீட்டைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, "ஏறு துளசி" என்றான். கோயிலைத் தாண்டும்போது ஊர் முழுக்கக் கற்பூரத் தட்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. சரசாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"சத்தியமெல்லாம் இருக்கட்டுமுங்க. கலரு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்தாரப் போறோம்."

"எங்கீங்க?" என்று சென்னியப்பன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"கோயமுத்தூருங்க!"

அவ்வளவு தூரமா போய்விட்டது என்று ஊர் அதிசயப்பட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, வரட்டும் என்று வேப்பமர நிழலில் உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவள். நிறத்தைப் பார்த்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள், "எந்த ஊரு?" என்றாள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஓ, மாடு சந்தனக் கலரா மாறுன ஊரா? எங்க சித்தி சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஸ்கேன் மெஷினை இழுத்தாள். துளசிமணி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சரசாள் அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடிப்பதற்கு அதுதான் கிடைத்தது.

"கல்லாட்டம் இருக்குதுங்களா?" என்று துளசிமணி கேட்டாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

"இதோ, கறுப்பா உருண்டையா தெரியுது பாருங்க. கல்லாட்டம் கெட்டியா இருந்தா இப்பிடித் தெரியாது. ஒரு ஊசிதான், சுருக்குன்னு இருக்கும், ஆடாம இருங்க."

சுருக்கென்றது. அப்புறம் இழுக்கிற மாதிரி இருந்தது. சரசாள் எழுந்து நின்று பார்த்தாள். ஊசிக்குழாய் மெள்ள மெள்ள நிரம்பியது, பச்சை என்றால் பச்சை இல்லை, மஞ்சள் என்றால் மஞ்சளும் இல்லை. அது நிரம்ப நிரம்பத் தோல்மேல் இருந்த நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் தோலாக ஆனது. டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தாள். மறுபடி ஸ்கேன் வைத்துப் பார்த்தாள். பிறகு துளசிமணியின் விரலையே எடுத்து அங்கே வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"தண்ணிம்மா. வெறும் நீர்க்கட்டி, வத்திப்போச்சு. பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல. அடுத்த மாசம் ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க. இனிமே ஏதாச்சும் தட்டுப்பட்டா அன்னிக்கே வரணும், வீடு கட்டி முடிச்சுட்டு வரக் கூடாது."

துளசிமணி எழுந்து உட்கார்ந்தாள். தண்ணியா என்று கேட்டாள், தண்ணிதான் என்றாள் டாக்டரம்மா. மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னாள். சரசாள் ஊசிக்குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒட்டுக்கா வந்து மூக்கு ஒழுகியது.

"உங்கண்ணன் கம்ப்ரசர் வெச்சு வெடி வெச்சு அந்த ஆழம் தோண்டுனாரு, கல்லுத்தான் வந்துச்சு. உன்னெக் கல்லுன்னு பயந்துக்கிட்டுக் கூட்டியாந்தா ஒத்தெ ஊசியில தண்ணி வருது. அவருகிட்ட எப்பிடிச் சொல்லுவேன் அம்மிணி நான்?"

வெளியே வெள்ளியங்கிரி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான், குழந்தைகளுக்கானது. மனைவியைப் பார்த்ததும் திரும்பினான்.

"தண்ணியாமாங்க மாமா."

"என்னது?"

"தண்ணி. வெறுந் தண்ணி. எடுத்துட்டாங்க."

அவன் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். உள்வெளியாகப் போட்ட சட்டையின் தையலைப் பிடித்துக்கொண்டு, தேங்காய் லாரிக்காரர்களை எல்லாம் ஒரு அதட்டில் அடக்குகிற மனிதன், குலுங்கிக் குலுங்கி அழுதான். துளசிமணி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவனுக்குத்தான் ஏதோ என்று பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வேன் ஊருக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து பின்னாலேயே வந்தார்கள். வீட்டு வாசலில் சென்னியப்பன்தான் முன்னால் வந்து கேட்டார்.

"கலரு கெடச்சுதுங்களா?"

சரசாள் துளசிமணியைப் பார்த்தாள். துளசிமணி ஊரைப் பார்த்தாள். மூடி வைத்தது போதும் என்றிருந்தது அவளுக்கு.

"எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு" என்றாள். "மார்புல ஒரு கட்டி. அதும்மேல வந்து உக்காந்திருந்துச்சு. எங்கம்மாளாட்டவே ஆயிருமோன்னு பயந்துக்கிட்டு மறைச்சுட்டேன். ஊசி போட்டு எடுத்துட்டாங்க. வெறுந் தண்ணியாமாங்க."

ஊர் ஒரு மூச்சு விட்டது. எவ்வளவு இருந்தது என்று ஒருத்தி கேட்டாள், பால் குடிக்கிற பிள்ளைக்கு ஊட்டுகிற சங்கில் அரைச் சங்கு என்றாள் சரசாள். வலித்ததா என்று இன்னொருத்தி கேட்டாள். பாவாயி ஒன்றும் கேட்காமல் முன்னால் வந்து துளசிமணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள், அப்படியே தன்னோடு சண்டை போட்டவள் பக்கம் திரும்பி, "காலையில பாத்திரத்தெக் கொண்டா" என்றாள். அதற்குள் அங்கமுத்து உள்ளே ஓடிப் போய்விட்டிருந்தான். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று அவன் கத்துகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் உள்ளே போனார்கள், கொள்ளாதவர்கள் வாசற்படியில் எட்டிப் பார்த்தார்கள். நிறம் சுவரில் இருந்தது. ஒரு பிசிறு இல்லாமல், பிரஷ் போன தடம்கூட இல்லாமல், எப்போதும் அங்கேயே இருந்தது போல் இருந்தது. அதன் கீழே வறண்ட கிணற்றுக் கல் பச்சையும் பொன்னுமாக விழித்துக்கொண்டிருந்தது. சத்தியம் பண்ணுவதற்கென்று வாங்கிய கற்பூரம் வீணாகப் போகக் கூடாதென்று சென்னியப்பன் அதைக் கொளுத்திச் சுவருக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றினார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குளியலறைக்குத் தீபாராதனை காட்டுவதா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு துளசிமணி அங்கேயே நின்றாள். ஆஸ்பத்திரி வாடை உடம்பெல்லாம் ஒட்டியிருந்தது.

"பால் காய்ச்ச இன்னும் நாளிருக்குதுங்களே நங்கை" என்றாள்.

"போயித் தண்ணி வாத்துக்கிட்டு வா. ஏதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

துளசிமணி தாழ்ப்பாளைப் போட்டாள். முதல் சொம்பைத் தலையில் வார்த்துக்கொண்டபோது அழுகை வரும் என்று நினைத்தாள், இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வரும் என்று கல்லின்மேல் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். வரவில்லை. இரண்டாவது சொம்பு வார்த்தாள். விரல் பழக்கத்தில் அங்கே போனது, தேடியது, ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. மூன்றாவது சொம்பு வார்த்தபோது வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பி மேலே வந்தது, என்னவென்று அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. அது பசி. அகோரப் பசி.

"நங்கை!" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள். "காலையில துணியில முடிஞ்சு வெச்சனுங்களே, அந்தப் பயறு என்னாச்சுன்னு பாருங்க!"

பழைய வீட்டு அடுப்படியில் பாத்திரம் நகருகிற சத்தம் கேட்டது. அப்புறம் சரசாளின் குரல் வந்தது.

"மொளெ விட்டுருச்சு அம்மிணி!"

"அப்பத் தாளிச்சு வெய்யுங்க" என்று துளசிமணி அடுத்த சொம்பை மொண்டாள். "எச்சாவே தாளிங்க, ரெண்டாளுப் பசி பசிக்குது."